கறைக்காரரின் மேசை

முதுகெலும்பில் கத்தி வைத்த டாக்டர்கூடக் கறைக்காரரை இந்தப் பாடு படுத்தவில்லை. பாடாய்ப் படுத்தியது மனைவியின் தம்பிதான். காலையில் கஞ்சியைக் குடித்து, மாத்திரைகளை விழுங்கி, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு அவர் கட்டிலில் மெல்லச் சாய்வார். அப்பாடா என்று கண்ணை மூடுவதற்குள் தலைமாட்டில் கைப்பேசி கிடந்து துள்ளும். எடுத்துப் பார்த்தால் ஒரு படம். வெள்ளைத் துணி, நடுவில் பழுப்பாக ஒரு திட்டு. கீழே ஒரு வரி: "அத்தான், இது என்ன?"

உடம்பு சரியில்லாதவனைப் பார்க்க வருகிறவர்கள் பழம் கொண்டுவருவார்கள். இவன் கறை கொண்டுவருகிறான் என்று அவர் பல்லைக் கடிப்பார். கடித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும் செய்வார். அதுதான் அவருடைய தலையெழுத்து.

அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவை ஆலையில். விடுதிகளின் விரிப்புகள், மருத்துவமனைப் போர்வைகள், பணக்கார வீடுகளின் விலை உயர்ந்த உடுப்புகள் எல்லாம் வண்டி வண்டியாக அங்கே வந்து இறங்கும். இயந்திரங்கள் துவைத்துத் தள்ளும். இயந்திரத்துக்கும் மசியாத கறைகள் மட்டும் கடைசியில் சன்னலோரம் இருந்த ஒரு மேசைக்கு வரும். உயரமான மர மேசை. அதன் விளிம்பு சுவரை ஒட்டி நிற்கும். சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய், கொக்கியில் நீராவி அடிக்கும் துப்பாக்கி, வலப்பக்கம் அவர் வைத்த வரிசையில் மருந்துப் புட்டிகள். அந்த மேசைக்கு முன்னால் நின்று நின்றே அவருக்குத் தலை நரைத்தது, கறைக்காரர் என்ற பெயரும் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

நின்று நின்றே முதுகும் போனது. முதலில் இடுப்பு பிடித்தது, பிறகு இடது கால் மரத்தது, பிறகு ஒருநாள் செருப்பு காலைவிட்டுக் கழன்று போனதுகூடத் தெரியாமல் வாசல்வரை நடந்தார். அறுவை சிகிச்சைதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்திக்குக்கூட அவர் பயப்படவில்லை. "குறைஞ்சது சில மாசம் லீவு போடணும்" என்று டாக்டர் சொன்னபோதுதான் பயந்தார். சில மாதம் மேசை காலியாகக் கிடக்குமா? யாராவது வந்து நிற்பான். நிற்கிறவன் போவானா?

ஆலையில் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் ஓர் அதிகாரி இருந்தாள். சின்ன வயசுக்காரி, எதைக் கேட்டாலும் சிரிப்பாள். அவளிடம் போய்க் கேட்டார்.

"சார், கவலையே படாதீங்க. ஆபரேஷனுக்கு எடுக்கற லீவு. சட்டப்படி உங்க வேலை பத்திரமா இருக்கும்."

"பத்திரம்னா? மேசையைப் பூட்டி வைப்பீங்களா?"

"தற்காலிகமா ஒருத்தரைப் போடுவோம் சார். நீங்க வந்ததும் அவர் போயிடுவார்."

அவள் சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சூப்பர்வைசர் வெளியிலிருந்து ஒரு கைதேர்ந்த ஆளை எடுக்கப்போவதாகக் காதில் விழுந்திருந்தது. கைதேர்ந்த ஆள் என்றால் முடிந்தது கதை. இளரத்தமாக இருப்பான், மடமடவென்று வேலையை முடிப்பான், போகிறபோது வருகிறபோது சூப்பர்வைசருக்கு ஒரு வணக்கம் போடுவான். அப்புறம் சட்டமாவது பத்திரமாவது. அப்போதுதான் கறைக்காரருக்கு அந்த யோசனை வந்தது. வாழ்க்கையில் தனக்கு வந்த யோசனைகளிலேயே கெட்டிக்காரத்தனமானது இதுதான் என்று அன்றைக்கு நினைத்தார்.

மனைவிக்கு ஒரு தம்பி. குடும்பத்தில் எல்லாரும் அவனை நெட்டை என்பார்கள். கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் அவன் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. அதைப்போலவே எந்த வேலையிலும் அவன் நிலைத்ததில்லை. மரச்சாமான் கடையில் சேர்ந்தான், முதலாளி மரியாதை இல்லாமல் பேசுகிறார் என்று வந்துவிட்டான். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தான், ஒரு வீட்டு நாய் முறைத்தது என்று வந்துவிட்டான். வண்டி நிறுத்தும் இடத்தில் சீட்டுக் கிழித்தான், சலிப்பாக இருக்கிறது என்று வந்துவிட்டான். எங்கே போனாலும் சட்டை அழுக்காவதற்குள் வீடு திரும்புகிறவன். மேசையைக் காவல் காக்க இவனைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் உண்டா? திரும்பிப் போகும்போது மேசை காலியாக இருக்கும். ஒருவேளை முன்கூட்டியே காலியாகிவிட்டாலும், "அவரே வரட்டும்" என்று ஆலை ஏங்கிப் போயிருக்கும்.

இந்தக் கணக்கை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "நம்ம நெட்டைக்கு ஒரு வழி பண்ணலாம்னு பாக்கறேன்" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். மருந்துக்கடை வேலையிலிருந்து களைத்து வந்திருந்த அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

"என் தம்பியை இத்தனை வருஷத்துல ஒருத்தரும் நம்பினதில்லைங்க. நீங்க நம்பறீங்க."

கறைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் செம்பை எடுத்தார். தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். நெட்டை மேசைக்குப் போனான். படங்கள் வரத் தொடங்கின.

"டேய், படத்துல பாத்து என்னத்தைடா சொல்றது? தொட்டுப் பாரு. மொடமொடன்னு இருக்கா, வழவழன்னு இருக்கா?"

"மொடமொடன்னு இருக்கு அத்தான்."

"திருப்பிப் பின்பக்கம் பாரு. இறங்கியிருக்கா?"

"இறங்கியிருக்கு."

"ஓரம் நடுவைவிடக் கறுப்பா இருக்கா?"

"ஆமா அத்தான்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தேத்தண்ணிடா! இதுக்கு எதுக்குடா துப்பறியும் வேலை!"

கறை எடுப்பதில் பாதி வேலை அதைத் தெரிந்துகொள்வதுதான். ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர், சூடு பட்டால் நெய்தவனே வந்தாலும் எடுக்க முடியாது. துரு என்றால் வெளுப்பு மருந்து கூடாது, போட்டால் பரவும். எண்ணெயும் சாயமும் கலந்திருந்தால் எண்ணெயை முதலில் எடுக்க வேண்டும். இதெல்லாம் ஒரு நாளில் வருகிற விஷயமா? நெட்டை ஒவ்வொன்றுக்கும் போன் போட்டான். கறைக்காரர் ஒவ்வொன்றுக்கும் கத்தினார். கத்திக் கத்தியே சொல்லிக்கொடுத்தார். இன்னும் பத்து நாளில் இவன் ஓடிவிடுவான், அதுவரைக்கும் தொலையட்டும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

அவன் ஓடவில்லை. மாதம் திரும்பியும் ஓடவில்லை. அதுதான் வந்த வினை.

அதோடு விட்டதா? தையல் போட்ட இடத்தில் நீர் கோத்துக்கொண்டது. டாக்டர் மறுபடியும் பிரித்துச் சுத்தம் செய்து, லீவை நீட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார். "இனிமே நாள் பூரா நின்னு பாக்கற வேலை வேண்டாம். உக்காந்து பாருங்க." ஏதோ மேசையே இவருக்காக மண்டியிடும் என்பதுபோல் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

கறைக்காரர் அந்தச் சிரிக்கும் அதிகாரிக்குப் போன் போட்டார். முதலில் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து, மறுபடியும் அதே பாட்டைப் போட்டார்கள். படுத்துக்கொண்டு கேட்கிறவனுக்குத் தாலாட்டு என்று நினைத்தார்களோ என்னவோ. கடைசியில் அவள் வந்தாள்.

"லீவை நீட்டிக்கலாம் சார், அதுல ஒரு பிரச்சினையும் இல்லை. உங்க வேலை பத்திரமா இருக்கு."

"அதே வேலையாம்மா?"

"அதே வேலை, இல்லைன்னா அதுக்கு இணையான வேலை."

"இணையானதுன்னா?"

"இப்ப, நின்னு பாக்க முடியாதுன்னு உங்க டாக்டர் எழுதியிருக்கார் இல்லையா. அது நின்னு பாக்கற வேலை. அதனால அதே சம்பளத்துல, உக்காந்து பாக்கற மாதிரி... முன்னால வரவேற்புல, துணி வாங்கிட்டுச் சீட்டுக் கொடுக்கற இடம் இருக்கே சார், அங்க."

"அதுவும் இதுவும் இணையா?"

"சம்பளம் ஒண்ணுதான் சார்."

போனை வைத்துவிட்டு அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். சம்பளத்தில் கை வைக்கவில்லை, வேலையை விட்டுத் தூக்கவும் இல்லை. யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது? துணியை வாங்கி, சீட்டைக் கிழித்து, அந்தத் துணி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே அவருடைய மேசையில் இன்னொருவன் அதைத் தொட்டுப் பார்ப்பான். நினைக்க நினைக்க அவருக்கு அழுகை வந்தது. இந்த வயசில் ஒரு மேசைக்காக அழுவதா என்று ஆத்திரமும் வந்தது.

அன்று சாயங்காலம் மனைவி வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"கேட்டீங்களா? சூப்பர்வைசர் என் தம்பியைப் பாராட்டினாராம். கை சுத்தமாம். தெரியாததைக் கேட்டுச் செய்யறானாம்."

"கேட்டுச் செய்யறான்! யாருகிட்ட கேக்கறான்னு சொன்னாரா?"

"உங்ககிட்டதான். அதுல உங்களுக்கும் பெருமைதானே?"

"பெருமையா? படுத்துக்கிட்டே என் குழியை நானே தோண்டிக் கொடுத்திருக்கேன். இதுல பெருமை வேறயா?"

"என்ன பேசறீங்க? அவனா உங்க இடத்துக்கு ஆசைப்படுவான்?"

"ஆசைப்பட வேண்டாம்டி. அங்கேயே நின்னாலே போதும். நிக்கறவனுக்குத்தான் மேசை."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அவன் நிக்க மாட்டான்னு நினைச்சுத்தான் சேத்துவிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் இடுப்புப் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். அவள் தட்டை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள்.

மறுநாள் முதல் நெட்டையின் போனை எடுப்பதில்லை என்று கறைக்காரர் முடிவு கட்டினார். கைப்பேசி துள்ளியது. துள்ளட்டும் என்று விட்டார். மறுபடி துள்ளியது. தலையணைக்கு அடியில் தள்ளினார். அது அங்கேயும் கிடந்து முனகியது. சும்மா பார்க்கத்தானே போகிறோம், பதிலா சொல்லப் போகிறோம் என்று எடுத்தார். ஒரு சின்னக் குழந்தையின் வெள்ளைக் கவுன். கழுத்துப்பட்டையில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்த சிவப்பு. பிள்ளைக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்திருக்கும். கீழே எழுதியிருந்தான்: "அத்தான், பழச்சாறுன்னு நினைக்கறேன். நீராவி அடிக்கப் போறேன்."

அவர் கை தானாகப் போனைப் போட்டது.

"டேய் டேய் டேய்! துப்பாக்கியைக் கீழ வைடா! ரத்தம்டா அது! சூடு காட்டினே, தொலைச்சுப்புடுவேன்!"

"வச்சுட்டேன் அத்தான், வச்சுட்டேன். ஏன் காலையிலேருந்து எடுக்கலை? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"பச்சைத் தண்ணில ஊற வை. தேய்க்காதே. ஒத்தி எடு."

"சரி அத்தான்." குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் மெல்லக் கேட்டான். "அத்தான், டாக்டர் நிக்கக் கூடாதுன்னு சொன்னாராமே. அது இப்போதைக்கா, இல்ல எப்பவுமேவா?"

கறைக்காரருக்குச் சுரீர் என்றது. ஆழம் பார்க்கிறான். "உனக்கு எதுக்குடா அது?" என்று கேட்டார்.

"சும்மாதான் கேட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அக்காவைப் பார்க்க வந்தான். வழக்கம்போல நிலையில் இடித்துக்கொண்டான். கறைக்காரர் கூடத்தில் தன்னுடைய தாழ்ந்த பிரம்பு நாற்காலியில் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவன் எதிரே உட்கார்ந்து அவருடைய முகத்தைப் பார்க்காமல் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியின் கைப்பிடியில் விரலை விரித்துச் சாண் சாணாக ஏதோ வைத்துப் பார்த்தான். நாற்காலியையும் எடுத்துக்கொள்ளப் போகிறான் போலிருக்கிறது என்று அவர் மனசுக்குள் கறுவினார்.

அடுத்த வாரம் அந்தப் படம் வந்தது. விரிப்பில் மை. மையை அவர் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது மைக்குப் பின்னால் இருந்த சுவரை. எத்தனையோ வருஷமாக அவருடைய மேசையின் விளிம்பு உரசி உரசி அந்தச் சுவரில் ஒரு கறுத்த கோடு விழுந்திருந்தது. மேசை இருக்கும்வரை அந்தக் கோடு வெளியே தெரியாது. இப்போது படத்தில் கோடு அம்மணமாகத் தெரிந்தது. மேசை அதற்கு வெகு கீழே இருந்தது.

வெட்டியிருக்கிறார்கள். மேசையின் காலை வெட்டியிருக்கிறார்கள்.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தற்காலிக ஆளுக்காக யாராவது மேசையை வெட்டுவார்களா? அப்படியென்றால் எல்லாம் முடிவாகிவிட்டது. சோம்பேறி உட்கார்ந்துகொண்டு வேலை செய்வதற்காக, அவர் நின்று நின்று முதுகை ஒடித்துக்கொண்ட மேசையின் காலையே ஒடித்துவிட்டான். அந்தப் பெண் அங்கே பத்திரம் பத்திரம் என்று பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை. கறைக்காரர் பட்டையை இறுக்கினார், சட்டையை மாட்டினார், வாடகைக் காரைக் கூப்பிட்டார். காரில் ஒவ்வொரு குழியிலும் முதுகு கத்தியது. வழியெல்லாம் அவர் ஓட்டுநரையும் சாலை போட்டவனையும் மைத்துனனையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆலை வாசலில் சூப்பர்வைசர் கையை விரித்துக்கொண்டு மறித்தார்.

"என்ன அண்ணே இது? லீவுல இருக்கறவர் உள்ள வரக் கூடாது. விழுந்து வச்சீங்கன்னா என் தலைதான் உருளும்."

"உருளட்டும். என் மேசையை வெட்டினது யாரு?"

"ஓ, அதுவா..." என்று சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். அந்தச் சந்தில் கறைக்காரர் உள்ளே நுழைந்துவிட்டார்.

சன்னலோரம் நெட்டை நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டிருந்தான் என்று சொல்வதுகூடத் தப்பு. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ஆளை இரண்டாக மடித்தாற்போல் அந்தக் குட்டை மேசையின்மேல் குனிந்து கிடந்தான். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. முதுகு சாய்கிற, உயரமான, புது நாற்காலி. அதில் யாரும் உட்காரவில்லை. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இவரைக் கண்டதும் அவன் நிமிர முயன்று, "ஆ" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான்! நீங்க ஏன் வந்தீங்க?"

"ஏன் வந்தேனா? உக்காந்து சொகுசா வேலை பாக்கறதுக்கு மேசையை வெட்டுவியா நீ? யாரு மேசைடா இது?"

"உங்க மேசைதான் அத்தான்."

"அப்புறம்?"

"நீங்கதான் நிக்கக் கூடாதாமே. நின்னு பாக்கற வேலைன்னுதானே உங்களை முன்னால சீட்டுக் கிழிக்கப் போடறேன்னாங்க. உக்காந்து பாக்கற வேலையா மாத்திட்டா?"

கறைக்காரர் வெட்டுப்பட்ட மேசைக் காலைப் பார்த்தார்.

பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் பொரிந்து தள்ளினார். "பத்து நாளா என் உயிரை எடுத்துட்டான் அண்ணே இவன். அந்த ஆபீஸ் பொண்ணுகிட்டப் போய் தினமும் நிக்கறான். மேசையைத் தாழ்த்திட்டா அதே வேலையைக் கொடுத்துத்தானே ஆகணும், இணையானதுன்னு சொல்ல முடியாதில்லன்னு கேக்கறான். அவ பாவம், மேல கேட்டு, ஆமான்னு எழுதியே கொடுத்துட்டா. அதைக் கொண்டுவந்து என் மூக்குல இடிச்சுட்டு, அன்னிக்கே ரம்பத்தைத் தூக்கிட்டான். மரக்கடையில கத்துக்கிட்டானாம்."

"அங்க இருந்தது இதுக்காவது உதவிச்சு" என்றான் நெட்டை. "உக்காந்து பாருங்க அத்தான். உங்களுக்குன்னுதான் உறைகூடப் பிரிக்காம வச்சிருக்கேன்."

கறைக்காரர் நாற்காலியைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். இத்தனை வருஷம் அவர் முழங்கை தேய்ந்து பள்ளம் விழுந்த இடம் அப்படியே இருந்தது. புட்டிகள் அவர் வைத்த வரிசையிலேயே இருந்தன. ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, காலை உள்ளே நீட்டினார்.

கால் போகவில்லை. முழங்கால் மேசையின் விளிம்பில் நச்சென்று இடித்தது. இன்னொரு தடவை முயன்றார். மறுபடியும் இடித்தது.

"எதை வச்சுடா அளந்தே?"

"உங்க வீட்டு நாற்காலியை வச்சுத்தான். நீங்க உக்காந்திருந்தப்ப சாண் போட்டுப் பாத்தேனே."

"அது தாழ்ந்த நாற்காலிடா! அதுல உக்காந்தா முழங்கால் எங்க இருக்கும், இதுல உக்காந்தா எங்க இருக்கும்? ஒரு சாண் அதிகமா வெட்டித் தொலைச்சிருக்கியே! அதனாலதான் நீயே உக்கார முடியாம வளைஞ்சுக்கிட்டு நிக்கறியா?"

நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். "வெட்டினப்புறம்தான் தெரிஞ்சுது."

"தேத்தண்ணிக்குப் போன் பண்றே. மைக்குப் போன் பண்றே. ஒரு கொட்டாவி வந்தாலும் எனக்குப் போன் பண்றே. இதுக்கு ஒரு போன் பண்ணக் கூடாதாடா, முட்டாள்?"

"சொன்னா வேண்டாம்னு சொல்லுவீங்க அத்தான்."

அது உண்மைதான். கறைக்காரர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

"சரி, நான் இங்க வந்து உக்காந்துட்டா நீ என்ன பண்ணுவே?"

"நானா?" அவன் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே சிரித்தான். "நான் எங்க அத்தான் ஒரு இடத்துல நின்னிருக்கேன்? அதுக்காகத்தானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க. தெரியாமலா வந்தேன்?"

அவன் குத்திக்காட்டவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னான். கறைக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் தினமும் போன் போட்டிருக்கிறான், திட்டு வாங்கியிருக்கிறான், அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றிருக்கிறான். ஓடிவிடுவான் என்று நம்பி நிறுத்திய இடத்தில், இவருக்காகவே ஓடாமல் நின்றிருக்கிறான். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அவன்மேல் கோபமாக இருந்தது.

அவர் பட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தார். நீராவித் துப்பாக்கி அதன் பழைய கொக்கியில் எங்கோ உயரத்தில் தொங்கியது. உட்கார்ந்தபடி கையை நீட்டினார். எட்டவில்லை.

"சூப்பர்வைசரே, இதைப் பாத்தீங்களா? உக்காந்தவனுக்குத் துப்பாக்கி எட்டலை. நானா எந்திரிச்சு எந்திரிச்சு எடுக்க முடியும்? டாக்டர் என்ன சொல்லியிருக்காரு?"

"கொக்கியை இறக்கிடலாம் அண்ணே."

"கொக்கியை இறக்குவீங்க, நீராவிக் குழாயை யாரு இறக்குவா? அது சுவருக்குள்ள போகுது. உயரமா ஒரு ஆள் வேணும் எனக்கு, நின்னு எடுத்துத் தர. கறை என்னன்னு கேட்டுச் செய்யத் தெரிஞ்ச ஆளா வேணும். புதுசா எவனையாவது கொண்டுவந்து நிறுத்தினீங்க, நான் வரவேற்புக்கே போய்ச் சீட்டுக் கிழிச்சுக்கறேன்."

சூப்பர்வைசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "குடும்பமே சேந்து என்னைக் கொல்லுறீங்களே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "மேல கேட்டுச் சொல்றேன். முதல்ல நீங்க எடத்தைக் காலி பண்ணுங்க, நீங்க லீவுல இருக்கீங்க."

நெட்டை அவர் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்தான். அவரைவிட அவன்தான் அதிகமாகக் கூனிக்கொண்டு நடந்தான். ஒருவன் முதுகை இன்னொருவன் தாங்கி இருவரும் காருக்கு வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கறைக்காரர் உள்ளே ஏறி, பட்டையைச் சரிசெய்து, கண்ணாடியை இறக்கினார்.

"நாளைக்கு நாலு காலுக்கும் அடியில செங்கல் வை. அவசரப்பட்டு அடுக்காதே. ஒவ்வொண்ணா வச்சு, நாற்காலியில உக்காந்து, கால் போகுதான்னு பாரு."

"எத்தனை செங்கல் அத்தான்?"

எத்தனை என்று இங்கிருந்தே எப்படிச் சொல்வது? அவருக்கு மறுபடியும் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு எப்படிடா தெரியும்? ஒவ்வொரு செங்கல்லுக்கும் படம் எடுத்து அனுப்பு" என்றார். கார் நகர்ந்த பிறகும் கழுத்தை வெளியே நீட்டிக் கத்தினார். "எதுவா இருந்தாலும் போன் பண்ணுடா!"